குத்திய பச்சையை அழிப்பது

 

நம் கடைகளில் வேலை பார்க்கும் வாலிபர்களில் சிலர் கையில் பச்சை குத்தியிருக்கிறார்கள். பள்ளியில் சட்டைக் கையை இறக்கிவிட்டுக் கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்கிறார்கள். சிலர் ஜும்ஆவுக்கே வருவதில்லை. "உனக்கு ஒளுவே கூடாது" என்று யாரோ சொன்னார்களாம். எந்தக் கிதாபில் பார்த்தாரோ! மசி தங்குவது மேல்தோலுக்குக் கீழே. தண்ணீர் தோலில் படுவதை அது தடுப்பதில்லை.

குத்துவதும் குத்திக்கொள்வதும் ஹராம். இரு சாராரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். அதில் பேச்சில்லை. குத்தியபின் என்ன செய்வது? உறுப்புக்குச் சேதமோ, வெளியே தெரியும் விகாரமோ வருமென்று அஞ்சினால் அழிப்பது கடமையில்லை, தௌபா போதும் என்பது ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. அந்த அச்சமில்லையானால் அழித்தே ஆகவேண்டும். ஹனபிகளுக்கோ கழுவினாலே அவ்விடம் சுத்தமாகிவிடும்.

முற்காலத்தில் அழிப்பதென்றால் உப்பு வைத்துத் தேய்ப்பார்கள், திராவகத்தால் சுடுவார்கள், அல்லது தோலையே அறுத்தெடுப்பார்கள். தழும்பு நிச்சயம். ஆகவே "தௌபா போதும்" என்பதே பலருக்குப் பொருந்தியது. இப்போது லேசர் வந்திருக்கிறது. கண்சிமிட்டும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பாயும் ஒளி, மசியைத் தூளாக்குகிறது. பிறகு அதைச் சிறிது சிறிதாக அப்புறப்படுத்துவது நம் உடம்பே. அல்லாஹ் இந்தச் சரீரத்தில் வைத்திருக்கும் வேலைக்காரர்களைப் பாருங்கள்! 2012 முதல் அதைவிட வேகமான பிக்கோ லேசரும் வந்துவிட்டது.

ஆனால் ஒரே நாளில் முடியாது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போகவேண்டும். கறுப்பு மசி எளிதில் போகும். பச்சையும் மஞ்சளும் அடம்பிடிக்கும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் வெளுப்போ கருமையோ விழலாம். 1064 நானோமீட்டர் ஒளியே நமக்குப் பத்திரமானதென்று சொல்லப்படுகிறது. எனவே தோல் வைத்தியரைக் கேட்டு, ஆபத்தில்லை என்றால் செய்யட்டும். வசதியில்லாதவனை நெருக்காதீர்கள்.

வியாபாரிகளாகிய நமக்கு இரண்டு சங்கதிகள் உண்டு. பச்சையை அழிக்கும் களிம்பு என்று வரும் சரக்கை அலமாரியில் வைக்காதீர்கள். மேலே பூசுவது மசி இருக்கும் ஆழத்துக்குப் போகாது. காரமானதாயிருந்தால் தோலைப் புண்ணாக்கும். அந்த லாபம் நமக்கு வேண்டாம். அடுத்து, பையன் சிகிச்சைக்குப் போகும் நாளில் சம்பளம் பிடிக்காதீர்கள். பணம் போதாவிட்டால் கைமாற்றாகக் கொடுத்து, அவன் சௌகரியம்போல் திருப்பித் தரட்டும்.