நகத்திற்குத் தெரிந்தது

தெரியாமல் செய்த தவறை மன்னிக்கலாம் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. தெரிந்து செய்தது குற்றம் என்பதிலும் தகராறு இல்லை. தெரிந்துகொள்ளக்கூடிய இடத்தில் இருந்துகொண்டே தெரிந்துகொள்ளாமல் இருப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதை மட்டும் நாம் அதிகம் கேட்டுக்கொள்வதில்லை. கேட்காமலிருப்பதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. இந்தக் கேள்வியை ஒரு பழைய காரின் முன்சக்கர பேரிங்கை வைத்துக் கேட்க விரும்புகிறேன். விஷயம் அற்பமாகப் படுமானால், ஏன் அப்படிப் படுகிறது என்பதும் இதிலேயே பேசவேண்டிய ஒன்றுதான்.

கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். சென்னையில் தயாரான கார்; 1961இல் வரத் தொடங்கி, 1970களின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. அந்தக் கம்பெனியும் இன்று இல்லை. நான் இருக்கும் நெமிலிச்சேரி, பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில். வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலையின் முதல் பகுதி 2014இல் திறக்கப்பட்டபோது இங்கே வந்து முடிந்தது. பிற்பாடு மீஞ்சூர் வரை நீண்டது. அந்தச் சாலையும் திருவள்ளூர் நெடுஞ்சாலையும் சந்திக்கிற இடத்தில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மனிதர்கள் நடந்து கடக்கிறார்கள். இங்கே ஒரு முன்சக்கரம் ஒழுங்காக நிற்கிறதா என்பது காரின் சொந்தக்காரனோடு முடிந்துவிடுகிற விஷயமல்ல.

தேய்ந்த பேரிங் சத்தம் போடும். முதலில் மெல்லிய முனகல். வேகம் கூடினால் அதுவும் கூடும். இடது பக்கம் திருப்பினால் வண்டியின் பாரம் வலது சக்கரத்தின் மேல் சாய்கிறது. வலது பேரிங் கெட்டிருந்தால் சத்தம் உரக்கும். இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் தினமும் ஓட்டுகிறவன் காதில் அது விழுவதில்லை. என்றோ ஒருநாள் ஏறுகிற விருந்தாளிதான் ‘என்ன சத்தம்?’ என்று கேட்கிறார். கையிலிருக்கும் கருவி வேலை செய்கிறவரை கண்ணுக்குப் படுவதில்லை, உடைந்தபோதுதான் ஒரு பொருளாக எதிரே வந்து நிற்கிறது என்று ஹைடெக்கர் 1927இல் எழுதினார். அவருடைய உதாரணம் சுத்தியல். பேரிங் அந்த உதாரணத்திற்குள் அடங்குவதில்லை. வேலை செய்வதற்கும் உடைவதற்கும் நடுவில் அதற்கு மாதக்கணக்கில் ஒரு காலம் இருக்கிறது. அந்தக் காலம் முழுவதும் அது பேசிக்கொண்டே இருக்கிறது. நாம் பழகிக்கொண்டே இருக்கிறோம். நம்முடைய பெரும்பாலான கேடுகள் சுத்தியலைப் போல் உடைவதில்லை, பேரிங்கைப் போல்தான் தேய்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

தேய்வது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். முன்சக்கர ஹப்பில் இரண்டு பேரிங்குகள். ஒரு பக்கம் ஒடுங்கிய சிறு உருளைகள், உள்ளே கோன், வெளியே ஹப்போடு இறுகிய கப். 1898இல் ஹென்றி டிம்கன் என்ற வண்டி செய்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அமைப்பு. செங்குத்தாக இறங்கும் பாரத்தையும் திருப்பத்தில் பக்கவாட்டில் வரும் பாரத்தையும் சேர்த்தே தாங்கும். உருளை எஃகைத் தொடுகிற இடம் நூலிழை அகலம். ஒன்றையொன்று அழுத்தும் திடப்பொருள்களுக்குள் என்ன நேர்கிறது என்பதை 1880களின் தொடக்கத்தில் ஹெர்ட்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். அந்த வழியில் போனால் தெரியவருவது, எஃகைச் சிதைக்கும் விசை உச்சமாக இருப்பது மேற்பரப்பில் அல்ல, அதற்குச் சற்றுக் கீழே என்பது. நல்ல பேரிங்கிலும் கோடிக்கணக்கான சுழற்சிகளுக்குப் பிறகு விரிசல் அடியில் பிறந்து மேலே வருகிறது. கடைசியில் ஒரு செதில் பெயர்கிறது, புள்ளி விழுகிறது.

எப்போது விழும் என்று செய்தவராலும் சொல்ல முடியாது. பேரிங்கின் ஆயுள் என்று அட்டவணையில் போடுகிற எண்ணுக்கு அர்த்தம், ஒரே மாதிரியான நூறு பேரிங்குகளில் தொண்ணூறு அந்த அளவைத் தாண்டும் என்பதுதான். மீதிப் பத்தில் உங்களுடையது இருக்கிறதா என்று அந்த எண் பேசாது. நூறைப் பற்றிய அறிவு ஒன்று. இந்த ஒன்றைப் பற்றிய அறிவு வேறு. இரண்டாவதற்குக் கையைத் தவிர வழியில்லை.

நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றி, ஸ்ப்ளிட் பின்னை உருவி, ஹப்பை இறக்கினார்கள். கம்பெனி போய்விட்டாலும் பேரிங் பொது அளவுகளில் வருவதால் புதியது ஜி.பி. ரோட்டில் கிடைத்திருந்தது. கோனும் உருளைகளும் கையோடு வந்துவிட்டன. கப் வரவில்லை. அதை எடுக்க ஹப்பின் மறுபக்கத்திலிருந்து பன்ச்சை வைத்து, ஒரு அடி இந்தப் பக்கம், ஒரு அடி அந்தப் பக்கம் என்று சாயாமல் தட்டி இறக்க வேண்டும். ஐம்பது வருஷமாக இறுகியது. உதவிக்கு இருந்த பையன், கப் நன்றாகத்தானே இருக்கிறது, விட்டுவிடலாம் என்றான். மெக்கானிக் அதைத் துடைத்து உள்வட்டத்தில் நகத்தை ஓட்டினார்.

“விரலக் குடுங்க சார். நகத்த வச்சு இப்டியே சுத்திப் பாருங்க. தெரியுதா?”

“ஒண்ணும் தெரியலையே.”

“எனக்குத் தெரியுது சார். இனிமே இதுல புதுச வச்சு மாட்ட முடியாது.”

பழைய கப்பில் புதிய உருளைகளை மாட்டினால் ஓடாமலில்லை. புதுக் கிரீஸில் சத்தமும் கொஞ்ச நாள் அடங்கும். பிறகு பழைய பள்ளம் புதிய உருளையைத் தின்னும். கூலி முன்பே பேசியாயிற்று, எனக்குத் தெரியப்போவதில்லை, அவருக்கு ஒரு மணி நேரம் மிச்சம். இருந்தும் ‘முடியாது’ என்றார். ‘கூடாது’ என்று அவர் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். கூடாது என்பதற்குச் சட்டம் போட்டவன் ஒருவன் வேண்டும். முடியாது என்பதற்கு யாரும் வேண்டாம்.

மூடப்போகிற வேலையில் ஒருவன் ஏன் நேர்மையாக இருக்கவேண்டும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் பதில்கள் பெரும்பாலும் சாட்சியைத் தேடுபவை. கடவுள் பார்க்கிறார்; இல்லையென்றால் மனச்சாட்சி. அந்தச் சொல்லே பார்க்கிறவனை உள்ளே குடிவைக்கிற ஏற்பாடுதான். எல்லோரும் இப்படிச் செய்தால் என்னாகும் என்று காண்ட் வழியில் கேட்டுப் பார்ப்பது இன்னொன்று. பட்டறையில் இவை எதுவும் நடக்கவில்லை. அவர் தன்னைப் பார்த்துக்கொள்ளவில்லை, உலகத்தையும் கற்பனை செய்யவில்லை, கப்பைப் பார்த்தார். அவரை மகான் ஆக்குவது என் நோக்கமல்ல. மற்ற விஷயங்களில் அவர் எப்படி என்று எனக்குத் தெரியாது. இந்த ஒரு இடத்தில் மட்டும், பல வருஷப் பழக்கம் அவருடைய சுதந்திரத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டுவிட்டது. நகத்திற்குத் தெரிந்த பிறகு தெரியாதவனாக நடந்துகொள்ளும் வசதி அவருக்கு இல்லை. தேர்ச்சி என்பது செய்ய முடிகிறவை பெருகுவது என்றே நினைத்து வந்திருக்கிறோம். செய்ய முடியாதவையும் அதனோடு சேர்ந்து பெருகுகின்றன.

அப்படியானால் தெரியாமலிருப்பது லாபம். இந்த லாபத்தை நம் சமூகம் வெகு காலமாகப் பிறப்பை வைத்துப் பங்கு பிரித்து வந்திருக்கிறது. கையால் வேலை செய்கிறவர் ஒருவர், அதன் பயனை அனுபவிப்பவர் வேறொருவர் என்று பிரிந்தபோது, ஆபத்தைப் பற்றிய அறிவும் கூடவே பிரிந்தது. ‘எனக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும்’ என்று நம்மவர்கள் சொல்லும்போது குரலில் ஒரு சிறு பெருமை இருக்கிறது. ஆயுத பூஜையன்று சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். சக்கரத்திற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. காரோடு இது நிற்கவும் இல்லை. கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதனைப் பாதுகாப்பில்லாமல் இறக்குவதை 2013ஆம் வருஷச் சட்டம் தடை செய்தது. அதற்குப் பிறகும் தமிழ்நாட்டில் மனிதர்கள் உள்ளே இறங்கி விஷவாயுவில் செத்திருக்கிறார்கள். இறங்கச் சொன்னவர் ‘உள்ளே வாயு இருப்பது தெரியாது’ என்கிறார். அது உண்மையாகவே இருக்கலாம். தெரியவேண்டிய அவசியம் தனக்கு நேராதபடி அவருடைய வாழ்க்கை அமைந்திருக்கிறது. குற்றம் அந்த அமைப்பில் இருக்கிறது. ‘தெரியாது’ என்ற சொல் அதை மறைக்கிறது.

எல்லோரும் நகத்தைப் பழக்கிக்கொள்ள முடியாது. ஆனால் சத்தம் எல்லோருக்கும் பொது. முனகலைக் கேட்கத் தேர்ச்சி வேண்டாம். கேட்டதும் நிறுத்த வேண்டும், தெரிந்தவரிடம் போக வேண்டும், அவர் நகம் சொல்வதை நம்பி அந்த ஒரு மணி நேரத்திற்குக் கூலி கொடுக்க வேண்டும். தெரியாதவனின் கடமை இவ்வளவுதான். சின்னதாக இருப்பதால் தப்பிக்கவும் வழியில்லை.

எழுதுகிறவர்களான நமக்குள்ளும் இந்தச் சத்தம் கேட்கிறது. ஒரு வரியில் பொய் தட்டுகிறது என்று காது சொல்லிவிட்ட பிறகு, எழுதியவர் நண்பர் என்பதால் பாராட்டி வைக்கிறோம். நம் சிறு வட்டத்தில் கிரீஸுக்குப் பஞ்சமில்லை. பழைய கப்பில் புதிய உருளைகளை மாட்டி அதைப் புதுமை என்று அறிவிக்கிறோம். கொஞ்ச நாள் சத்தமில்லாமல் ஓடவும் ஓடுகிறது. காதே இல்லாதவரை இதில் நான் சேர்க்கவில்லை. காது இருப்பவர் ‘எனக்குப் படவில்லை’ என்று சொல்வதற்கு முன்னால், சத்தம் எப்போதிலிருந்து கேட்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.