எல்லோரும் நன்றாக நடக்கிறார்கள்

சென்ற ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு மாலை நேரத்தில், ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்திருந்தார். வாசலில் ஆட்டோ நின்ற சப்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஈரத் தரையில் கட்டைகளை ஊன்றி ஊன்றி வரும் சப்தமும் கேட்டது. அந்தச் சப்தத்தை நான் நன்றாக அறிவேன். என் பள்ளிக்கூட நாட்களில் அது என் கூடவே வந்த சப்தம்.

நான் உள்ளறையிலிருந்து எழுந்து, வழக்கம்போல் இடது முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு, விந்தி விந்தி வாசலுக்கு வந்தேன். வந்தவர் வணக்கம் சொல்லவும் மறந்து என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், நீங்களுமா?" என்றார்.

அவருடைய திகைப்பில் ஆச்சரியமில்லை. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் இடது கால் சூம்பிவிட்டது. என் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் இது தெரியும், வாசகர்களுக்குத் தெரியாது. என் புத்தகங்களின் பின்னட்டையில் இருப்பது மார்பளவுப் படம். அப்படித்தான் வேண்டும் என்று எந்தப் பதிப்பாளரும் என்னிடம் கேட்டதில்லை. நானாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த படம் அது.

காப்பி குடித்துக்கொண்டே பேசினோம். என் நாவல்கள் அத்தனையும் படித்திருந்தார். பாத்திரங்களின் பெயர்கள் எனக்கு மறந்துபோன இடங்களில் அவரே எடுத்துக் கொடுத்தார். பிறகு சிறிது தயங்கி, "ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே, சார்?" என்றார்.

"கேளுங்கள், தம்பி."

"உங்கள் கதைகளில் எல்லோரும் நன்றாக நடக்கிறார்களே, சார்!"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இருபது வருஷமாக எழுதுகிறேன். என் கதாநாயகர்கள் ஆற்றங்கரையில் நடக்கிறார்கள்; ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள்; காதலி வீட்டு மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுகிறார்கள். கால் ஊனமானவன் என்று ஒரே ஒருவன் வருகிறான். என் முதல் நாவலில், முதலாளியிடம் கோள் மூட்டும் கணக்குப்பிள்ளை அவன். அவனை எழுதியபோதும் நான் விந்தி நடந்துகொண்டுதான் இருந்தேன்!

அதற்குப் பின் அவர் சொன்னதை அவருடைய சம்மதத்தின் பேரிலேயே இங்கே எழுதுகிறேன். ஊரையும் பெயரையும் விட்டுவிட்டேன். அவர் ஒரு நண்பருடன் வாடகை வீட்டில் இருக்கிறார். நண்பர் என்ற சொல் போதாது. ஒரு கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எப்படியோ, அப்படி அந்த இருவரும். வீட்டுக்காரரிடம், "எனக்கு ஒத்தாசைக்கு இருக்கிற தம்பி" என்று சொல்லி வைத்திருக்கிறாராம். வீட்டுக்காரர் மறு கேள்வி கேட்கவில்லை.

"என் கால்தான் சார் என் ரகசியத்துக்குக் காவல்" என்றார் சிரித்துக்கொண்டே. "நொண்டிக்கு ஆசை இருக்கும் என்றே யாரும் நினைப்பதில்லை. என் வயதில் நல்ல கால் உள்ளவன் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தால் தெருவே விசாரிக்கும். என்னைப் பார்த்து, 'பாவம்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்."

தாயாரிடம் ஒரு நாள் உண்மையைச் சொன்னாராம். அந்த அம்மாள் அழுதுவிட்டு, "உனக்கு எவன் பெண் கொடுப்பான் என்று நினைத்து நினைத்துத்தான் புத்தி இப்படிப் போயிற்று" என்றாளாம். மகனுடைய அன்பைக்கூட அவனுடைய காலைக் கொண்டுதான் அந்தத் தாயால் விளங்கிக்கொள்ள முடிந்தது. ஊருக்கு அவர் ஒரு கால். வீட்டுக்கும் அதே கால். முழு மனிதனாக அவரைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண்கள் வேண்டியிருந்தது. அதைத்தான் அவர் புத்தகங்களில் தேடியிருக்கிறார்.

அப்படித் தேடியபோது நடைபாதைக் கடையில் அவருக்குக் கிடைத்த புத்தகம் ஸாமர்ஸெட் மாமின் 'ஆஃப் ஹ்யூமன் பாண்டேஜ்'. மாம் நம் வாசகர்களுக்கு அந்நியர் அல்லர். 1938ல் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியைத் தரிசித்தவர். அந்த அனுபவத்தின் சாயலை 1944ல் வெளிவந்த 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' நாவலில் காணலாம். 'ஆஃப் ஹ்யூமன் பாண்டேஜ்' 1915ல் வெளிவந்தது. அதன் நாயகன் பிலிப் பிறவியிலேயே கோணல் பாதம் உள்ளவன். பள்ளி விடுதியில் பையன்கள் அவன் கையை முறுக்கிப் பாதத்தைக் காட்டச் சொல்கிறார்கள். விசுவாசம் மலையையும் நகர்த்தும் என்று பெரியவர்கள் சொன்னதை நம்பி, ஓர் இரவு அவன் முழு மனசோடு பிரார்த்திக்கிறான். விடிந்து பார்த்தால் பாதம் முன்பு இருந்தபடியே இருக்கிறது.

"அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன் சார். நானும் ஒரு மண்டலம் விளக்குப் போட்டவன்தான்" என்றார் அவர். "ஆனால் பிலிப் பெண்களைத்தான் விரும்புகிறான். அந்தப் புத்தகத்தில் எனக்குக் கிடைத்தது பாதி நான்."

மீதிப் பாதி எங்கே போயிற்று? மாமுக்குக் கோணல் பாதம் கிடையாது, திக்குவாய் இருந்தது. தம் திக்குவாயைத்தான் பிலிப்பின் பாதமாக மாற்றினார் என்பது அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்களின் கருத்து. ஆண்களிடம் அவருக்கு இருந்த நாட்டமோ, அந்த நாவலில் தன் பெயரோடு வரவே இல்லை. 1895ல் ஆஸ்கார் ஒயில்டை அந்தக் குற்றத்துக்காக இரண்டு வருஷக் கடுங்காவலுக்கு அனுப்பியபோது மாமுக்கு வயது இருபத்தொன்று. அந்த வயதில் அப்படி ஒரு தண்டனையைக் கண்டவன் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று ஆயுசுக்கும் கற்றுக்கொண்டுவிடுகிறான். மாம் 1965ல், தொண்ணூற்றொன்றாவது வயதில் இறந்தார். இங்கிலாந்தில் அந்தச் சட்டம் தளர்ந்தது 1967ல்.

ஈ. எம். ஃபார்ஸ்டரின் கதையும் இதுதான். இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் 'மாரிஸ்' என்ற நாவலை அவர் 1913-14லேயே எழுதிவிட்டார். காதலர்கள் பிரியாமல் வாழவேண்டும், முடிவு மங்களமாகவே இருக்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். நண்பர்கள் சிலர் கையெழுத்துப் பிரதியாகப் படித்தார்கள். அச்சில் வந்தது 1971ல். அதற்கு முந்தின வருஷம் ஃபார்ஸ்டர் காலமாகிவிட்டார். அவருக்கும் அப்போது வயது தொண்ணூற்றொன்று. ஐம்பத்தேழு வருஷ காலம் அந்தப் புத்தகம் பெட்டிக்குள் கிடந்தபோது, அதற்காக ஏங்கிய எத்தனை பேர் அதைப் படிக்காமலே கிழவர்களாகிப் போயிருப்பார்கள்!

அயல்நாட்டாரை மட்டும் சொல்வானேன்? நம் கதைகளைப் பார்ப்போம். ராமாயணத்தில் மந்தரைக்கு ஒரு பெயர் இருக்கிறது. நாம் அவளைக் கூனி என்கிறோம். முதுகின் வளைவே மனசின் வளைவு என்று குழந்தைக்கும் விளங்கும்படி சொல்லி வைத்திருக்கிறோம். நொண்டி நாடகம் என்று தமிழில் ஓர் இலக்கிய வகையே உண்டு. அதில் கதாநாயகனே நொண்டிதான். ஆனால் அவன் யார்? தாசி வீட்டில் பொருளைத் தொலைத்து, குதிரை திருடப் போய்ப் பிடிபட்டு, கால் வெட்டுப்பட்டவன். கடைசியில் தெய்வத்தின் அருளால் அவனுக்குக் கால் வளர்ந்துவிடுகிறது. ஊனம் என்றால் பாவத்துக்குத் தண்டனை. நல்ல முடிவு என்றால் ஊனம் நீங்குவது. என் கணக்குப்பிள்ளை எந்தப் பரம்பரையில் பிறந்தவன் என்று இப்போது தெரிகிறதல்லவா?

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. கரிச்சான் குஞ்சு 1978லேயே 'பசித்த மானிடம்' நாவலில் ஆண் உறவையும் தொழுநோயையும் ஒரே மனிதனின் வாழ்க்கையில் வைத்து எழுதினார். எழுத அஞ்சியதை எழுதிய துணிச்சல் அது. ரேவதியின் 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' ஆகியவை திருநங்கையர் தாங்களே எழுதிய நூல்கள். பிறர் நம்மைப் பற்றி எழுதுவதற்கும் நாமே எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவை காட்டுகின்றன.

இந்த இடத்தில் சிலர் ஆட்சேபணை எழுப்புவார்கள். நானும் எழுப்பியிருக்கிறேன். "இலக்கியம் என்பது முகம் பார்க்கும் கண்ணாடியா? தன்னை மறந்து பிறனாக வாழ்ந்து பார்க்கத்தானே கதை படிக்கிறோம்? நான் ருஷ்யாக்காரனா? அன்னா கரீனினாவுக்காக நான் அழவில்லையா?" என்பார்கள்.

கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் படிக்காதவன் நான். தத்துவ சாஸ்திரம் முறையாகப் பயின்றவனல்லன். ஆனால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்த ஆட்சேபணை பொய்யில்லை. ஆனால் வயிறு நிறைந்தவன் சொல்வது. மூன்று வேளையும் சாப்பிடுகிறவனுக்குச் சோறு பெரிய விஷயமல்ல. ஒவ்வொரு கதையிலும் தன்னைப் போல் நடப்பவனையும், தன்னைப் போல் காதலிப்பவனையும் பார்த்துக்கொண்டே இருக்கிறவனுக்குத் தன்னைப் பார்க்கிறோம் என்ற உணர்வே வருவதில்லை. அந்த இளைஞரோ சிறு வயது முதல் பிறருக்காகவே அழுது பழகியவர். தன்னை மறக்கும் வித்தையில் அவர் நம்மைவிடத் தேர்ந்தவர். தனக்காகவும் ஒரு தடவை அழவேண்டும் என்று அவர் கேட்டால் அது பேராசையா?

ஆனால் இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது. ஊனமுற்றவனைத் தியாகியாகவும், ஆணை விரும்பும் ஆணை உத்தமனாகவும் எழுதிவிட்டால் கடன் தீர்ந்துவிடும் என்று நினைப்பது அது. இதை நான் அவரிடம் சொன்னபோது அவர் கையை ஆட்டி மறுத்தார்.

"நல்லவனாக வேண்டாம் சார். நான் ஒன்றும் நல்லவனில்லை. எனக்குக் கோபம் வரும், பொறாமை வரும். கறிவேப்பிலைக்காகவெல்லாம் நாங்கள் சண்டை போட்டுக்கொள்கிறோம். அதை எழுதுங்கள்."

சட்டம் மாறியிருக்கிறது என்பது உண்மைதான். 1860ல் வெள்ளைக்காரன் எழுதிய 377ஆவது பிரிவு, மனமொத்த வயதுவந்தவர்களுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி தீர்ப்பளித்தது. 1995ஆம் வருஷச் சட்டம் ஏழு வகை ஊனங்களைச் சொன்னது. 2016ஆம் வருஷச் சட்டம் இருபத்தொன்றைச் சொல்கிறது. 2022ல் தமிழ்நாடு அரசு, இந்த அன்பர்களைக் கண்ணியமாகக் குறிப்பிடுவதற்கென்றே ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. எல்லாம் நல்லதே. ஆனால் நீதிமன்றம் ஒருவனைக் குற்றவாளி இல்லை என்று சொல்லலாம். கறிவேப்பிலைக்குச் சண்டை போடுகிறவன் என்று சொல்ல முடியாது. அது கதாசிரியனின் வேலை.

அந்த வேலையைத்தான் நான் செய்யாமல் இருந்துவிட்டேன். மாமுக்குச் சிறை பயம் இருந்தது. எனக்கு என்ன பயம்? என் காலைப் பற்றி எழுதினால் வாசகர்கள் என் எழுத்தைப் பாராட்டாமல் என்மீது இரக்கப்படுவார்கள் என்ற பயம். அதைச் சுயமரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது வெட்கம். என் வெட்கம் என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கோ ஒரு வாடகை வீட்டில், என் நாவல்களை ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட்டு, இதிலும் தான் இல்லை என்று மூடி வைத்த ஒருவருக்கும் அது தீங்கு செய்திருக்கிறது.

அவரை ஆட்டோவில் ஏற்றிவிட வாசல் வரை போனேன். இருவருமாக அந்தச் சிறு தூரத்தைக் கடக்க நெடுநேரம் ஆயிற்று. எதிர்வீட்டுக் குழந்தை வேடிக்கை பார்த்தது. எனக்கு ஏனோ அன்று வேகமாக நடக்க முயலவேண்டும் என்று தோன்றவில்லை.

இப்போது ஒரு கதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். கட்டை ஊன்றி நடக்கும் ஒருவன் வருகிறான். கொஞ்சம் கஞ்சன், வாய் ஓயாமல் பாடுகிறவன். சமையலறையில் அவனோடு சண்டை போட இன்னொருவன் இருக்கிறான். அந்த இன்னொருவனை நான் சரியாக எழுதுவேனா என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது. எழுதியவரை அந்த இளைஞருக்கு அனுப்பி, தவறு இருந்தால் திருத்தச் சொல்லியிருக்கிறேன். முடிவு என்னவென்று இன்னும் தெரியாது. ஒன்று மட்டும் நிச்சயம்: கடைசி அத்தியாயத்தில் அவனுக்குக் கால் வளரப்போவதில்லை.