கத்தி தருவதும் தராததும்

விஷயம், தளர்ந்த மார்பகத்தைத் தூக்கி நிறுத்தும் ஆபரேஷன். 'ஐயோ, இதையெல்லாமா எழுதுவார்கள்!' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். மூட்டுவலியைப் பற்றி எழுதினால் கத்தரித்து ஃபைலில் வைத்துக்கொள்கிறோம். இதற்கு மட்டும் ஏன் கூச்சம்?

அந்தக் கூச்சத்தால் நஷ்டம் பெண்களுக்குத்தான். வெளியே சொல்ல முடியாத ஆசையைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவும் முடியாது. விசாரிக்காமல் எடுக்கிற முடிவு, 'சரி' என்றாலும் 'வேண்டாம்' என்றாலும், அரைகுறை முடிவுதான்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். மார்பகத்துக்குள் இருப்பது கொழுப்பும் பால் சுரப்பிகளும். தூக்கிப் பிடிக்க அதற்கென்று தசை கிடையாது. தோலும், உள்ளே ஓடுகிற மெல்லிய நார்களும்தான் தாங்குகின்றன. ஆஸ்ட்லி கூப்பர் என்கிற ஆங்கிலேய சர்ஜன் 1840-ல் இவற்றை விவரித்து எழுதியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. ரப்பர் பேண்டை வருஷக்கணக்கில் இழுத்துவைத்தால் என்ன ஆகும்? அதே கதைதான் இங்கேயும். உடற்பயிற்சி செய்தால் பின்னால் இருக்கிற நெஞ்சுத் தசை பலப்படும். தொய்ந்த தோல் சுருங்காது.

'எல்லாம் பிள்ளைக்குப் பால் கொடுத்ததால்தான்' என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக டாக்டர்கள் இதை ஆராய்ந்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். வயது, எத்தனை முறை கர்ப்பம், உடல் எடை, சிகரெட் பழக்கம் இவையெல்லாம் காரணம். பால் கொடுத்தது காரணமில்லை என்றார்கள். பாவம், குழந்தை மேல் பழி போடாதீர்கள்.

சரி, ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்து, இரண்டு மூன்று மணி நேரத்தில், அதிகப்படியான தோலை வெட்டி எடுத்து, காம்பை மேலே நகர்த்தி, உள்ளே இருப்பதைத் திரட்டித் தைக்கிறார்கள். லூசாகிப்போன ரவிக்கையை டெய்லர் 'பிடித்து' தைத்துத் தருகிறாரே, அந்த மாதிரி. இதனால் அளவு பெரிதாகாது. இடமும் வடிவமும்தான் மாறும்.

தையல் என்றால் தழும்பு உண்டு. தொய்வு லேசாக இருந்தால் காம்பைச் சுற்றி ஒரு வட்டம். கொஞ்சம் அதிகம் என்றால் அதிலிருந்து கீழே ஒரு கோடு. ரொம்ப அதிகம் என்றால் அடியில் குறுக்காக இன்னொரு கோடு. பார்க்க நங்கூரம் மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் சிவந்து தடித்திருப்பது, ஒரு வருஷம் போல ஆனால் மங்கும். மறையாது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் தழும்பு தடிப்பதற்கும் கறுப்பதற்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

பிறகு சில வாரங்கள் இறுக்கமான சப்போர்ட் பிரா. நாலு முதல் ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், மளிகைப் பை, ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளை உட்பட! காம்பில் உணர்ச்சி குறையலாம். பெரும்பாலோருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. அதற்கப்புறம் குழந்தை பெற்றால் பால் கொடுப்பதில் சிக்கல் வரலாம். தூக்கி நிறுத்தியது மறுபடி தளரவும் செய்யலாம். அதனால்தான் 'பிள்ளை பெற்று முடித்துவிட்டு வாங்க' என்கிறார்கள். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி வராது. நிரந்தரமும் இல்லை. வயது ஏறும், எடை கூடும் குறையும், புவியீர்ப்பு விசை லீவு எடுக்காது. செலவும் பெரும்பாலும் கைக்காசுதான். அழகுக்காகச் செய்கிற சர்ஜரிக்குப் பொதுவாக இன்ஷூரன்ஸ் கிடையாது.

ஆக, இது ஒரு பண்டமாற்று. தழும்பை ஏற்றுக்கொண்டு வடிவத்தை வாங்குகிறீர்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் நாம் வாங்கப் போவது வடிவத்தைத்தானா? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

இரண்டு பெண்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருவருக்கும் நாற்பது வயது. அதே டாக்டர், அதே ஆபரேஷன், அதே நல்ல ரிசல்ட்.

முதல் பெண் எதிர்பார்த்தது இவ்வளவுதான்: ரவிக்கை ஒழுங்காக உட்கார வேண்டும். குளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றக் கூடாது. ஆறு மாதம் கழித்து அவர் அந்த ஆபரேஷனையே மறந்துவிட்டார். அதுதான் வெற்றி.

இரண்டாவது பெண்ணுக்கு ஒரு கணவர். சாப்பிடும்போதும் செல்போனிலிருந்து தலை நிமிர்வதில்லை. 'நான் பழையபடி ஆகிட்டா இவர் பார்ப்பார்' என்று அந்தப் பெண் நம்பினார். ஆறு மாதம் ஆயிற்று. வடிவம் வந்துவிட்டது. தலை நிமிரவில்லை. முன்பாவது, 'என் உடம்பு தளர்ந்துபோச்சு, அதான்' என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணமும் போய்விட்டது.

டாக்டர் இருவரையும் ஏமாற்றவில்லை. கத்தியால் தர முடிந்ததைக் கத்தி தந்தது. இரண்டாவது பெண் கேட்டது அந்தக் கடையில் விற்கிற சரக்கே இல்லை.

'அப்படியானால் இந்த ஆசையே தப்பு, கடவுள் கொடுத்த உடம்பை அப்படியே விட்டுவிட வேண்டியதுதானே' என்று சிலர் கிளம்புவார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். குழந்தைக்குக் காது குத்துகிறோம். தெத்துப்பல்லுக்குக் கிளிப் போடுகிறோம். நரைக்கு டை அடிக்கிறோம். வழுக்கையில் முடி நடுகிற ஆணிடம் யாரும் தத்துவம் பேசுவதில்லை. பெண்ணின் உடம்பு என்று வரும்போது மட்டும் எல்லோரும் ஞானியாகிவிடுவது ஏன்?

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு சிகிச்சையை இலவசமாக ஆரம்பித்தார்கள். புற்றுநோயில் மார்பகத்தை இழந்தவர்களுக்கு மட்டுமல்ல, வேறு காரணங்களுக்காக அளவையோ வடிவத்தையோ மாற்ற விரும்புகிறவர்களுக்கும். உடனே சர்ச்சை. உயிர் காக்கிற வைத்தியத்துக்குப் போக வேண்டிய அரசுப் பணம் அழகுக்குப் போகலாமா என்று ஒரு கட்சி. பணக்காரப் பெண்ணுக்குக் கிடைக்கிற அழகு ஏழைப் பெண்ணுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று இன்னொரு கட்சி.

முதல் கட்சியின் கணக்கு நியாயமானது. பணம் குறைவாக இருக்கும்போது உயிர்தான் முதலில். அதை மறுக்க முடியாது. ஆனால், 'கூலி வேலைக்குப் போற பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு?' என்கிற முணுமுணுப்பும் அந்தக் கணக்கோடு சேர்ந்தே கேட்டது பாருங்கள், அதில் நியாயம் இல்லை. ஏழைக்குப் பசி மட்டும்தான் இருக்கும், கண்ணாடி இருக்காது என்று நினைப்பது பெரிய அவமதிப்பு.

'ஆளில்லாத தீவில் இருந்தாலும் இதைச் செய்துகொள்வாயா? ஆமென்றால் அது உன் ஆசை. இல்லையென்றால் ஊருக்காக' என்று ஒரு சோதனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆளில்லாத தீவில் யார் தலை வாரிக்கொள்வார்கள்? நாலு பேர் மத்தியில் வாழ்கிறவர்களுக்கு நாலு பேர் கண்ணும் கொஞ்சம் முக்கியம்தான். அந்தக் கண்களுக்கு முன்னால் நிமிர்ந்து நடக்க ஆசைப்படுவது வேறு. அவற்றிடம் அன்பையும் மரியாதையையும் யாசிப்பது வேறு. முதலாவதற்கு சர்ஜரி உதவலாம். இரண்டாவதற்கு உதவாது.

சிலருக்கு எதைச் சரி செய்தாலும் உடம்பில் அடுத்த குறை தெரியும். அது மனம் சம்பந்தப்பட்ட நோய். நல்ல டாக்டர் அவர்களைத் தியேட்டருக்கு அனுப்ப மாட்டார், மனநல மருத்துவரிடம் அனுப்புவார். 'உங்களுக்கு இது வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்த டாக்டரை நம்புங்கள்.

நீங்களோ, உங்கள் வீட்டில் யாரோ இதைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். 'இதனால் எனக்கு என்னென்ன கிடைக்க வேண்டும்?' என்று ஒளிக்காமல் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் பார்த்து, 'இதை ஊசி நூலால் தைக்க முடியுமா?' என்று கேளுங்கள்.

முடியும் என்பதையெல்லாம் தயங்காமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல உரிமையில்லை.

மிச்சத்தை வீட்டிலேயே, அதற்குரிய ஆளிடம் உட்கார்ந்து பேசுங்கள். அதற்கு மயக்க மருந்து கிடையாது. கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.