பத்திலிருந்து ஆயிரம்

கணினி வட்டுகளை இணைக்கும் ரெய்டு 0 அமைப்பில் ஒரே கோப்பைத் துண்டு துண்டாக்கி, முதல் துண்டை ஒரு வட்டிலும் அடுத்ததை இன்னொரு வட்டிலுமாக மாறி மாறி எழுதுவார்கள். வேகம் கிடைக்கும், மாற்று நகல் கிடையாது. ஒரு வட்டு பழுதானால், மற்றதில் பாதி இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது. மீட்பவர் பழுதானதிலிருந்து இயன்றவரை படியெடுத்தாக வேண்டும். பிறகு துண்டின் அளவும் வட்டுகளின் வரிசையும் தெரிய வேண்டும். தெரியாதவரை, எல்லாத் துண்டுகளும் கையில் இருந்தும் கோப்பு இல்லை.

அப்படியானால் கோப்பு எங்கே இருந்தது?

முழுப்பொருள் உறுப்புகளுக்கு வேறான ஒன்று என்றனர் நியாய மதத்தார். அதற்கு அவயவி என்று பெயரிட்டனர். உறுப்புகளின் கூட்டத்துக்கு நாம் இட்ட பெயரே முழுமை என்றனர் பௌத்தர். மிலிந்த மன்னனிடம் நாகசேனர் தேரை முன்வைத்து வாதிட்டதும் இதைத்தான்.

புவனகிரி வட்டாரத்துக் கதைகள் இரண்டு இந்த வழக்கில் சாட்சி சொல்ல வருகின்றன. தென்கிழக்கே சிதம்பரம். தேவாரம் பாடிய மூவர் வந்தால்தான் ஏடுகள் இருந்த அறை திறக்கும் என்று தில்லைவாழ் அந்தணர் சொல்ல, சோழ மன்னன் மூவரின் திருமேனிகளையே எழுந்தருளச் செய்தான் என்கிறது திருமுறை கண்ட புராணம். உள்ளே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து எடுத்தவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். இன்று இருப்பவை ஏறத்தாழ 800 பதிகங்கள். இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்தோம் என்று அசரீரி சொன்னதாம்.

தென்மேற்கே காட்டுமன்னார்கோயில், நாதமுனிகளின் ஊர். அங்கே வந்தவர்கள் குடந்தைப் பெருமாள்மேல் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டார் அவர். இயற்றியவர் குருகூர்ச் சடகோபர் என்பதும், அது ஆயிரத்துள் ஒரு பத்து என்பதும் கடைசிப் பாசுரத்திலேயே இருந்தன. நாதமுனிகள் குருகூருக்குப் போனார். சடகோபர்மேல் மதுரகவி பாடிய கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் முறை ஓதினார். அந்த ஆயிரம் மட்டுமல்ல, ஆழ்வார்களின் நாலாயிரமும் பெற்றார் என்பது வைணவ மரபு.

தேவார மூவருள் ஒருவரான சம்பந்தரின் பதிகங்களில், கடைசிப் பாடலான கடைக்காப்பில் அவர் பெயர் இருக்கிறது. மொத்தம் எத்தனை என்ற கணக்கு இல்லை. போனது எது என்று நம்பிக்குத் தெரிய வழியில்லை. எதைத் தேட வேண்டும் என்று நாதமுனிகளுக்குத் தெரிந்திருந்தது. முழுமை தனிப்பொருளும் அல்ல, வெறும் பெயரும் அல்ல. தான் எதன் பகுதி என்று பகுதியே சொல்லும்போதுதான் அது மீள்கிறது.

அசரீரியோடு கணக்கு முடிந்துவிடவும் இல்லை. ஏடுகளில் கிடைக்காத சம்பந்தர் பதிகம் ஒன்று 20ஆம் நூற்றாண்டில் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் கிடைத்தது. இன்று அது தேவாரப் பதிப்புகளில் சேர்த்தே அச்சாகிறது.