பண்டிகையும் பங்குக் கணக்கும்

உழைப்பவன் ஆண்டுக்கு ஒருமுறை, பண்டிகையை முன்னிட்டு, நண்பர்களைக் கூட்டிக்கொண்டு தவறணை தவறணையாகச் சென்று குடித்து மகிழ்வது குற்றமா? மலையகத்தில் தீபாவளிதோறும் எழுகின்ற இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. "தோட்டக்காட்டான் குடித்தே கெட்டான்" என்பது ஒன்று. "பாவம், அவனுக்கு வேறு என்ன சுகம் உண்டு?" என்பது மற்றொன்று. முன்னதில் வெறுப்பும் பின்னதில் இரக்கமும் தொனிக்கின்றன. ஆயினும் இரண்டும் ஒரே மேடையிலிருந்து பேசப்படுபவையே. தொழிலாளியைச் சமமான மனிதனாகக் கொண்டு அவனோடு தர்க்கிக்கும் எண்ணம் இரண்டிலும் இல்லை. அவ்வாறு தர்க்கிக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெறுப்போடு பேசுவோரின் தகுதியை முதலில் பார்ப்போம். இம்மலைகளில் குடியைக் கொண்டாட்டமாக்கியவன் தொழிலாளி அல்லன். நுவரெலியாவில் துரைமாரின் ஹில் கிளப் 1876 ஆம் ஆண்டிலும், பியர் வடிக்கும் ஆலை 1881 ஆம் ஆண்டிலும் தோன்றின. அங்கே துரை குடித்தால் அது விருந்து. லயத்தில் தொழிலாளி குடித்தால் அது ஒழுக்கக்கேடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராயக் குத்தகை குடியேற்ற அரசின் முக்கிய வருவாய்களுள் ஒன்றாக விளங்கிற்று. அக்குத்தகையை ஏலத்தில் எடுத்தோர் பலர் பெருஞ்செல்வராயினர். சுதேச முதலாளி வர்க்கத்தின் மூலதனம் திரண்ட வழிகளுள் அது முக்கியமானது என்பதை வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்தன விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். 1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தை எதிர்த்து மதுவொழிப்பு இயக்கம் வலுப்பெற்றது. அதன் முன்னணியினர் பலர் 1915 இல் சிறை வைக்கப்பட்டனர், அவர்களுள் டீ. எஸ். சேனநாயக்கவும் ஒருவர். அவர் பிரதமராயிருந்த 1948 இல்தான் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமை பறிபோயிற்று. கிண்ணத்தைக் கண்டிப்பவர் அனைவரும் அதனை ஏந்தும் கையின் நண்பர் அல்லர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இரக்கத்தோடு பேசுவோர் கூற்றில் உண்மை உண்டு. ஆங்கிலேயத் தொழிலாளரின் குடியை அவர்தம் வாழ்நிலையிலிருந்தே விளக்க வேண்டும் என்று 1845 இலேயே எங்கெல்ஸ் எழுதினார். ஆனால் காரணத்தை எடுத்துரைத்துவிட்டால் கடமை தீர்ந்துவிடுமா? குடிப்பது வறுமையே என்று முடித்துவிட்டால், அங்கே மனிதன் என்று ஒருவன் இருந்தானே, அவன் எங்கே போனான்?

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்திய வாரம், எம்மிடம் படித்த இளைஞன் ஒருவன் எம்மைத் தேடி வந்தான். கொழும்பில் புடைவைக் கடையொன்றில் அவனுக்கு வேலை. பண்டிகைக்கு ஊர் திரும்பியிருந்தான். கையில் ஒரு கொப்பி. அதில் ஒன்பது பெயர்கள். ஐவர் அவனைப் போலக் கொழும்பிலிருந்து வந்தோர். நால்வர் தோட்டத்தில் இருப்போர். தீபாவளிக்கு மறுநாள் அட்டனில் தொடங்கி, டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை வரை ஒவ்வோரிடமாக நின்று, இரவு லயத்துக்குத் திரும்புவது திட்டம். வேன் வாடகை, குடிக்காத சாரதி, இடையில் சாப்பாடு, தள்ளாடுபவனை வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட வேண்டியவர் யார் என்பது வரை எழுதப்பட்டிருந்தது. ஒருவன் வேலை இழந்திருந்தான். அவனுடைய பங்கை மற்ற எண்மர் பகிர்ந்துகொண்டனர். அவன் அறியாதபடி, அவன் பெயருக்கு நேரேயும் பணம் கிடைத்ததாகக் குறி இடப்பட்டிருந்தது. கணிதத்தில் எம்மைப் பெரிதும் வருத்திய மாணவன் அவன். இக்கணக்கிலோ ஒரு சதமும் பிழைக்கவில்லை.

"சேர், நீங்களும் வந்தா எங்களுக்குப் பெரிய சந்தோசம்" என்றான். நாம் போனோம். இரண்டாவது இடம் வரை உடனிருந்தோம். ஒரு கிளாஸ் எடுத்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. பிரட்டுக் களத்தில் தலை குனிந்து நிற்பவன் அங்கே நிமிர்ந்து பேசினான். ஒருவன் இறந்துபோன தன் தகப்பனைப் பற்றிச் சொன்னபோது எண்மரும் வாய் திறவாது கேட்டனர். வெறும் போதைக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. கசிப்புப் போத்தலொன்றும் இருட்டும் அதற்குப் போதும். அவர்கள் விலை கொடுத்து வாங்கியது ஒரு நாளைய தோழமை.

அத்தோழமையை இகழ நமக்கு உரிமையில்லை. பங்கு பிரித்தல், இயலாதவனைத் தாங்குதல், விழுந்தவனை விட்டுவிட்டு வராமை ஆகிய இப்பண்புகளே தொழிற்சங்கத்துக்கும் அடித்தளம். 1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் சுடப்பட்டு வீழ்ந்த அந்தப் போராட்டத்தையும் நடத்தியவை இப்பண்புகளே அன்றோ? நம் இலக்கியமும் இதனை அறியும். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரை மட்டுமே நாம் வகுப்பில் முழங்குகிறோம். புறநானூற்றின் 235 ஆம் பாடலில், இறந்த அதியமானை எண்ணி ஒளவையார் அழும்போது முதலில் நினைவுகூர்வது கள்ளைத்தான். அங்கே போற்றப்படுவது குடியன்று, பகிர்வு. கள் சிறிதளவே கிடைத்தால் அதனைப் பிறர்க்கு ஈந்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் எல்லோரோடும் கூடி உண்பான். குறைவாக உள்ளபோது முதலில் பெறுபவர் யார் என்பதே அப்பாடல் நமக்குத் தரும் உரைகல். இதனை அந்தக் கொப்பியில் உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

பண்டிகை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிற்று. அந்நால்வருள் ஒருவனுடைய தங்கை மூன்று நாள் வரவில்லை. காரணம் அறிய லயத்துக்குச் சென்றோம். தாய் மலையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார்.

"சப்பாத்து பிஞ்சிருச்சு சேர். வாங்கணும்னுதான் இருந்தேன். முற்பணத்துல மவனுக்குக் கொஞ்சம் குடுத்துட்டேன். செட்டோட போறான், கையில காசு இல்லாம நின்னா அவனுக்கு அசிங்கமில்லையா? வருசத்துக்கு ஒரு நாளு, போயிட்டு வரட்டும்."

"உங்களுக்கு என்ன வாங்கினீர்கள்?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "எனக்கு என்னா சேர் தீவாளி?"

இங்கே களவு நடக்கவில்லை. மகன் கேட்டான், தாய் மனமுவந்து கொடுத்தார். எந்த நீதி நூலைக் கொண்டும் அவனைக் குற்றவாளி என்று தீர்த்துவிட இயலாது. ஆயினும் அந்த முற்பணம் எதுவென்று எண்ணிப் பார்க்க வேண்டும். அது கொடையன்று, பின்வரும் மாதங்களில் சம்பளத்திலிருந்து தவணை தவணையாகப் பிடிக்கப்படும் கடன். நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும் 2024 இல் 1350 ரூபாவாகவும் உயர்வதற்கு எத்தனை ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது! அதிலும், குறித்த கிலோ கொழுந்து கூடையில் விழாத நாளில் அரைப்பேர்தான். பொகவந்தலாவையில் ஒரு மாலைப்பொழுதுக்குரிய பங்கு, மழையில் நின்ற ஒரு பெண்ணின் பல நாட்களிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டது.

அவர் சம்மதித்தாரே என்று சிலர் வினவலாம். பெண்ணின் சம்பளத்தை ஆணே வாங்கிச் செல்லும் வழக்கம் தோட்டங்கள் பலவற்றில் நெடுங்காலம் நிலவிற்று. தனக்கென ஒன்றை விரும்பவே பழக்கப்படாத ஒருவரின் சம்மதத்தைக் காட்டி நம் மனச்சாட்சியை உறங்க வைப்பது நேர்மையாகாது. மகனுக்கு அவமானம் நேரக்கூடாதென்று தாய் எண்ணினார். வேலையிழந்தவனுக்கு அவமானம் நேரக்கூடாதென்று நண்பர் எண்ணினர். இவ்விரண்டும் ஒரே அறம்தான். ஆனால் நண்பரின் அறம் அந்த ஒன்பது பெயர்களோடு நின்றுவிட்டது. தோழனின் நாணத்தை அத்தனை நுட்பமாகக் காத்த அதே கண்ணுக்கு அந்தத் தாய் தென்படவில்லை. மகிழ்வதற்கு யாவர்க்கும் உரிமை உண்டு. அழைக்கப்படாத ஒருவரின் கணக்கில் மகிழும் உரிமை எவர்க்கும் இல்லை.

இதற்குத் தடைச்சட்டம் பரிகாரமாகுமா? ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில், தூபகுண்டா என்னும் சிற்றூரில், 1992 இல் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் தம் வீட்டுத் துயரைத் தாமே பேசத் தொடங்கினர். சாராயக் கடையை மூட வைத்தனர். இயக்கம் மாநிலமெங்கும் பரவிற்று. 1993 இல் சாராயமும் 1995 இல் மதுவகை அனைத்தும் தடைசெய்யப்பட்டன. 1997 இல் அப்பூரண விலக்கு கைவிடப்பட்டது. சட்டம் வந்தது, போயிற்று. ஆனால் தம் வீட்டுக் கணக்கைப் பெண்கள் உரத்துச் சொன்ன அந்த நாளை எவரும் திரும்பப் பெற இயலவில்லை. 2015 இல் மூணாறு தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள், ஆண் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுத் தாமே வீதியில் அமர்ந்து 20 வீத போனஸ் பெற்றதும் இத்தகைய கணக்கைக் கேட்டதன் விளைவே. முன்னதற்கு வித்திட்டது ஒரு வகுப்பறை என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறத்தலாகாது.

ஆகவே தவறணையை இழுத்து மூடுங்கள் என்று நாம் கூறவில்லை. நண்பர்களின் சுற்றுலாவைக் கலைத்துவிடுங்கள் என்றும் கூறவில்லை. அந்த இளைஞனை மீண்டும் சந்தித்தபோது, அவன் கொப்பியில் இன்னும் ஒரு நிரல் வரையுமாறு கேட்டோம்: ஒவ்வொரு பெயருக்கும் நேரே, அது யாருடைய காசு என்று. அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "எழுதினா ஒம்போது பேரும் வர மாட்டானுங்க சேர்" என்றான். சற்றுப் பொறுத்து, "எழுதிப் பாக்குறேன்" என்றான்.

அன்று வீடு திரும்பியபோது நமக்கும் ஒன்று உறைத்தது. தீபாவளியன்று விடியுமுன் எழுந்து எண்ணெய்ச் சட்டியின் முன் அமர்ந்தவர், இரவு எல்லோரும் உண்ட பின் மிஞ்சியதை உண்டவர், நம் வீட்டிலும் ஒருவர் இருந்தார். அவருக்கு அது என்ன பண்டிகை என்று நாம் கேட்டதில்லை. அந்த நிரலை முதலில் வரைய வேண்டியது நம் கொப்பியில்தான்.