ஒற்றைக் கோரிக்கையும் ஒற்றுமையின் விலையும்

இலங்கையின் உள்ளூராட்சித் தேர்தல்களில் வாக்காளர் இடுவது ஒரேயொரு புள்ளடியாகும். 2018 பெப்ரவரி 10ஆந் திகதி நடைபெற்ற தேர்தலில் நாடளாவிய ரீதியில் முதன்முதலாகக் கைக்கொள்ளப்பட்ட கலப்பு முறையின்படி, கட்சியொன்றுக்கோ சுயேச்சைக் குழுவொன்றுக்கோ இடப்படும் அவ்வொரு புள்ளடியே வட்டார உறுப்பினரையும் விகிதாசாரப் பட்டியலின் உறுப்பினரையும் நிர்ணயிக்கின்றது. 2025 மே 6ஆந் திகதித் தேர்தலும் இம்முறையிலேயே நடைபெற்றது. புள்ளடி ஒன்று, பிரதேச சபையின் கடமைகளோ வீதி, குப்பை, சந்தை, நூலகம், மயானம் எனப் பல. இந்நிலையில் இரு வினாக்கள் எழுகின்றன. பல பிரச்சினைகளை எதிர்நோக்கும் வாக்காளர் அவற்றுள் ஒன்றை மாத்திரம் உரைகல்லாகக் கொள்ளலாமா? அவ்வொன்றுக்காகத் திரளும் செயற்பாட்டாளர், ஒற்றுமையின் பொருட்டு ஏனையவற்றைப் பற்றி மௌனம் சாதிக்கலாமா?

முதலாவது வினாவுக்கு எடுத்த எடுப்பிலேயே 'கூடாது' என விடையிறுத்தல் நேர்மையாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. மக்கள் நிலத்தடி நீரையே நம்பி வாழ்கின்றனர். சுன்னாகத்தில் மின்னுற்பத்தியோடு தொடர்புடைய எண்ணெய் அந்நீரிற் கலந்தமை குறித்த வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு 2019இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. தன் வீட்டுக் கிணற்று நீரைப் பருக அஞ்சும் ஒருவர், வாக்குக் கேட்டு வருபவரிடம் நீரைப் பற்றியே வினவுவாராயின், அவரைக் குறுகிய நோக்கினர் என இகழ எவருக்கும் உரிமையில்லை. எல்லாவற்றையும் சமநிலையில் நிறுத்துப் பார்க்கும் பொறுமை, பெரும்பாலும் எதனாலும் வருந்தாதவருக்கே வாய்க்கின்றது.

எனினும், ஒற்றைக் கோரிக்கையின் வலிமையையும் வறுமையையும் ஒருங்கே உணர்த்தும் வரலாற்று நிகழ்ச்சி ஒன்றுண்டு. அதுவே அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மதுவிலக்கு இயக்கம். அங்கு 1869இல் தோன்றிய மதுவிலக்குக் கட்சி, மதுவிலக்கை மாத்திரம் கோருவதா, ஏனைய சீர்திருத்தங்களையும் சேர்த்துக் கோருவதா என்ற வினாவினால் 1896இல் பிளவுண்டது. 1893இல் ஒஹாயோ மாநிலத்தில் ஆரம்பிக்கப்பட்ட மதுச்சாலை எதிர்ப்புச் சங்கமோ தனிக்கட்சி அமைக்க முனையவில்லை. எக்கட்சி வேட்பாளராயினும் மதுச்சாலைக்கு எதிராக வாக்களிப்பாரா என்ற ஒன்றையே அது வினவியது. அவர் தனிவாழ்விற் குடிப்பவரா என்பதுகூட அதற்குப் பொருட்டன்று. ஊர்தோறும் வாக்கெடுப்பு நடத்தி மதுச்சாலைகளை மூடும் உரிமையை அது கோரிற்று; அதற்கான சட்டமூலத்தை நலிவுறச் செய்த ஆளுநர் மைரன் ஹெரிக், 1905 தேர்தலிலே சங்கத்தின் எதிர்ப்புக்கு இலக்காகித் தோல்வியுற்றார். 1919இல் அரசியலமைப்பின் பதினெட்டாந் திருத்தம் உறுதிசெய்யப்பட்டு, நாடு முழுவதற்கும் மதுவிலக்கு விதியாயிற்று.

வெற்றி பெரிதுதான். ஆனால் மதுவிலக்குக்குக் கையுயர்த்தியவர் வேறெவற்றுக்கெல்லாம் கையுயர்த்தினார் என்பதை ஆராயும் வழக்கம் அவ்வியக்கத்தில் வேரூன்றவில்லை. ஆதலின் 1920களில், கறுப்பின மக்களையும் கத்தோலிக்கரையும் யூதரையும் பகைத்த கூ கிளக்ஸ் கிளான் பல ஊர்களில் மதுவிலக்கின் காவலனாக வேடமிட முடிந்தது. 1933இல் அத்திருத்தமே நீக்கப்பட்டது.

தர்க்கவியல் பயில்வோர் அவசியமான நிபந்தனைக்கும் போதுமான நிபந்தனைக்கும் இடையிலான வேறுபாட்டை அறிவர். 'நீரைக் காக்காதவருக்கு என் வாக்கு இல்லை' என்பது முதலாவது வகை. 'நீரைக் காப்பவர் எவராயினும் அவருக்கே என் வாக்கு' என்பது இரண்டாவது வகை. முன்னையது மனச்சாட்சியின் குரல். பின்னையது மனச்சாட்சியைப் பிறரிடம் ஒப்படைத்தல். ஒற்றைக் கோரிக்கை வாயிற்காவலனாக நிற்கலாம். வீட்டுக்கு உரியவனாகிவிடக் கூடாது.

இனி, ஒற்றுமை பற்றிய வினாவுக்கு வருவோம். கோரிக்கைகளைப் பெருக்கிக்கொள்வதனால் மாத்திரம் இச்சிக்கல் தீர்ந்துவிடாது. 1879 முதல் 1898 வரை கிறிஸ்தவ மாதர் மதுவிலக்கு ஒன்றியத்தின் தலைவியாக விளங்கிய பிரான்சிஸ் வில்லார்ட், பெண்களின் வாக்குரிமை, தொழிலாளர் நலன் முதலியவற்றையும் அரவணைத்த பரந்த கொள்கையினர். ஆயினும் 1890இல் அளித்த பேட்டியொன்றில், தென்மாநிலக் கறுப்பின மக்களைக் குடியோடும் குற்றத்தோடும் இணைத்து அவர் பேசினார். கறுப்பின மக்கள் கும்பல்களாற் கொலையுண்டு வந்த காலம் அது. அக்கொலைகளுக்கு எதிராகப் போராடிய கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், 1894இல் அப்பேட்டியைப் பிரித்தானியாவிலே மறுபிரசுரம் செய்வித்தார். தென்மாநில வெள்ளையரின் ஆதரவை இழக்கலாகாது என்ற கவலைக்குத் தம் மக்களின் உயிர் விலையாகின்றது என்பதே அவருடைய குற்றச்சாட்டின் சாரம். ஒற்றுமையைக் குலைக்கின்றார் என்ற பழி வெல்ஸ் மீது விழுந்தது. உண்மையில் அவர் கேட்டது ஒற்றுமையின் கணக்கையே.

இக்கணக்கு நமக்கும் அந்நியமானதன்று. ஓர் ஊரிலே நீரைக் காக்கச் சுயேச்சைக் குழுவொன்று அமைகின்றது எனக் கொள்வோம். அவ்வூரிற் பொதுக் கிணற்றில் நீரள்ளும் உரிமை மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் அதிலே சேர்கின்றனர். சாதியின் பெயரால் விலக்கி வைப்பதை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியதாயினும், சட்டத்தின் வயதும் வழக்கத்தின் வயதும் ஒன்றல்ல. 'இப்போது சாதியைப் பேசினால் வாக்குச் சிதறும். முதலில் நீரைக் காப்போம்' என அவர்களிடம் கூறப்படுமாயின், யாருடைய நீர் காக்கப்படுகின்றது? காத்திருக்குமாறு கேட்பவர் எவ்விழப்புமின்றிக் கேட்கின்றார். கேட்கப்படுபவரோ தம் மானத்தைக் கொடுத்துக் காத்திருக்கின்றார். விலையை எப்போதும் ஒரே சாரார் செலுத்தும் கூட்டு, ஒற்றுமை என்ற பெயருக்கு உரியதன்று.

எல்லாரும் எல்லாவற்றையும் பேசினால் எதுவுமே நடவாது எனச் சிலர் மறுப்பர். இம்மறுப்பிலே உண்மையுண்டு, பிளவுண்ட கட்சியின் கதையே அதற்குச் சான்று. ஆதலால் ஒவ்வொரு கோரிக்கையும் விஞ்ஞாபனத்தில் இடம்பெற வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. நாம் வேண்டுவது இவ்வளவே: சேர்ந்து நிற்பவர் எவரும் தம் துயரை மறைத்து நிற்க வேண்டிய நிலை கூடாது, ஒன்றுக்காகத் தெரிவு செய்யப்பட்டவர் ஏனையவற்றுக்கும் விடையிறுக்கக் கடமைப்பட்டவர் என்பதைத் தேர்தலுக்கு முன்னரே கூட்டாக உரைத்தல் வேண்டும். புள்ளடி ஒரு நாளைக்குரியது. சபையில் உயரும் கைகளையோ நான்கு ஆண்டுகள் நாம் பார்த்திருக்க வேண்டியுள்ளது.