வெதுவெதுப்பு என்னும் கடன்

தமிழில் கடன் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பிறரிடம் வாங்கி இன்னும் திருப்பித் தராத பாக்கியும் கடன். செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். கடமை எங்கிருந்து பிறக்கிறது என்ற பழைய கேள்விக்கு இந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: எதை எடுத்துக்கொண்டோமோ அதிலிருந்து பிறக்கிறது. இந்த விடை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க, பலருக்கு விசித்திரமாகப் படக்கூடிய ஒரு சிறிய எடுத்துக்காட்டே போதும். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ ஒரு வீடு, குளிர்கால நள்ளிரவு. வீட்டார் தூங்கிவிட்டார்கள். கூடத்தின் மூலையில் நாலடி நீளக் கண்ணாடிப் பெட்டி. அதன் ஒரு முனையில் வெப்பம் ஏறக்குறைய 32 டிகிரி செல்சியஸ், மறுமுனையில் 25. தரையில் ஈரம் காக்கத் தேங்காய் நார்த்தூள்; பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டி கட்டியாகக் கப்பலேறும் அதே நார்த்தூள். அதன்மேல் சுருண்டு கிடக்கிறது ஒரு பந்து மலைப்பாம்பு. அறை குளிரக் குளிர தெர்மோஸ்டாட் மெல்லிய ஓசையுடன் மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. சூடு அளவை எட்டியதும் அடைத்துக்கொள்கிறது. விடியும்வரை இப்படியே. அந்தப் பாம்பு இதற்காக யாரிடமும் வாலாட்டாது, காலையில் யார் முகத்தையும் தேடாது. யாரும் பார்க்காத நேரத்தில், நன்றி என்பதே இல்லாத ஓர் உயிருக்குத் தரப்படும் இந்த வெதுவெதுப்பு அன்பா, அருளா, கடனா? கடன்தான் என்பது என் வாதம். அதை அருள் என்று சொல்லிக்கொள்வது நம்மையே ஏமாற்றிக்கொள்வது.

முதலில், எதை எடுத்துக்கொண்டோம் என்று பார்க்க வேண்டும். பந்து மலைப்பாம்பின் தாய்நிலம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மத்திய ஆப்பிரிக்கா வரை நீளும் புல்வெளிகள். அஞ்சினால் தலையை நடுவில் ஒளித்து உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். பெயர் வந்தது அப்படித்தான். பகலில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் முடங்கியிருந்து இருட்டியபின் வெளியே வரும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நாம் சொல்லும்போது பாம்பை அபகரிப்பவனாக நிறுத்திவிடுகிறோம். அது ஏன் புற்றைத் தேடுகிறது என்று கேட்பதில்லை. ஆப்பிரிக்காவில் ஆளுயரத்துக்கும் மேலே புற்றெடுக்கும் கரையான்கள் உள்ளே ஒருவகைக் காளானைப் பயிர்செய்கின்றன. அந்தப் பயிருக்காக நடுக்கூட்டை ஏறக்குறைய 30 டிகிரியிலும் நல்ல ஈரத்திலும் வைத்திருக்கின்றன. கரையான் விட்டுப்போன பிறகும் அந்தத் தடித்த மண்சுவர் வெளிக்காற்றின் ஏற்ற இறக்கத்தை உள்ளே அவ்வளவாக விடுவதில்லை. எலி வளையும் அப்படியே. நவம்பர் முதல் மார்ச் வரை சகாராவிலிருந்து ஹார்மட்டான் என்ற வறண்ட காற்று புழுதியோடு வீசும். மனிதர்களுக்கு உதடு வெடிக்கும், இரவில் குளிரும். மேலே அப்படி இருந்தாலும் மண்ணுக்கடியில் ஈரம் தங்கியிருக்கும், பகலின் சூடு இரவிலும் மெல்லக் கசியும். ‘அதன் சொந்த ஊரிலும் இரவு குளிரத்தானே செய்கிறது, பெட்டியில் குளிர்ந்தால் என்ன’ என்று சிலர் கேட்பதற்கு இதுவே பதில். வானிலை அறிக்கை சொல்வது புல்லுக்கு மேலே உள்ள காற்றை. பாம்பு வாழ்வது புல்லுக்குக் கீழே. குளிர்ந்தால் அது இன்னும் ஒரு முழம் ஆழத்துக்குப் போகும். கண்ணாடிப் பெட்டிக்கு ஆழம் கிடையாது.

மண் சும்மா கிடந்து செய்யும் இந்த வேலையை மனிதன் செய்யப் புகுந்தால் எவ்வளவு சிரமம் என்பது இரவில்தான் தெரியும். சூடும் ஈரமும் ஒன்றுக்கொன்று பகை. 20 டிகிரியில் 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை, ஒரு சொட்டு நீரும் சேர்க்காமல் 30 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய 40 விழுக்காட்டுக்கு வந்துவிடும். ஆகவே சூட்டை மட்டும் கவனிப்பவர் பாம்பை உலர்த்திவிடுகிறார். உலர்ந்த பெட்டியில் சட்டை முழுதாக உரிவதில்லை. துண்டு துண்டாகக் கிழிகிறது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது ஒரு கண்ணாடிச் செதில். சட்டையோடு சேர்ந்து கழல வேண்டிய அந்தச் செதில் கண்ணின்மேலேயே ஒட்டிக்கொண்டு மங்கிப்போகிறது. சரி, தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்கலாம் என்றால், சூடு குறைந்த ஈரத்தில் நுரையீரல் தொற்று வருகிறது. பாம்பு வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, மூக்கோரம் நுரை தெரிகிறது. சொதசொதத்த தரையில் வயிற்றுச் செதில் அழுகுகிறது. தெர்மோஸ்டாட் இல்லாத சூட்டு விரிப்போ இதற்கு நேர்மாறான ஆபத்து: தோல் வெந்துகொண்டிருக்கும்போதே பாம்பு அதன்மேல் படுத்துக் கிடப்பதுண்டு. இவற்றில் எதற்கும் பாம்பு குரல் எழுப்பாது. நாய் முனகும், பூனை கத்தும், குழந்தை அழும். பாம்பின் துன்பத்துக்கு ஓசையும் இல்லை, முகபாவமும் இல்லை.

இந்த மௌனத்தை வைத்துத்தான் பெரிய மறுப்பு எழுகிறது: வெறும் இயல்பூக்கத்தால் நகரும் உயிருக்கு நலம் ஏது, தீங்கு ஏது, அதனிடம் நமக்குக் கடமை ஏது? பாம்பின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அது என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஊர்வன பெரும்பாலும் தம் உடற்சூட்டைத் தாமே உண்டாக்குவதில்லை. இடம் மாறி மாறி அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. இரை விழுங்கிய பாம்பு சூடான இடத்துக்குப் போகும், செரித்தபின் விலகும். 1970களின் நடுவில் அமெரிக்காவில் ஆய்வாளர் மாத்யூ க்ளூகரும் உடன் பணியாற்றியோரும் பாலைவன இகுவானாக்களை ஆராய்ந்தார்கள். கிருமி உடலில் புகுந்ததும் அவை வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போயின. அதாவது, நமக்கு உடம்பு தானாகக் கொடுக்கும் காய்ச்சலை அவை நடந்துபோய்ப் பெற்றுக்கொண்டன. நோயுற்றவற்றை வெவ்வேறு வெப்பநிலைகளில் அடைத்துவைத்தபோது, குறைந்த வெப்பத்தில் இருந்தவை அதிகமாகச் செத்தன. அந்தச் சோதனையில் மடிந்தவற்றுக்கும் நாம் கடன்பட்டவர்களே. அவை நமக்குக் காட்டிப் போனது இது: ஊர்வனவற்றுக்கு வெப்பம் வெறும் சொகுசு இல்லை. உண்பது, செரிப்பது, நோயை எதிர்ப்பது எல்லாம் இடம் தேர்வதன் வழியாகவே நடக்கின்றன. இடத்தைத் தேர முடியாத ஊர்வன, தன் உடம்பையே ஆள முடியாத ஊர்வன.

இங்கேதான் என் வாதத்தின் முடிச்சு. பாம்பைப் பெட்டியில் வைத்தவர் அதனிடமிருந்து எடுத்துக்கொண்டது சூட்டை என்று நினைத்தால், ஓர் எண்ணைத் திருகிவைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். அவர் எடுத்துக்கொண்டது தேர்வை. ஆகவே திருப்பித் தர வேண்டியதும் தேர்வே. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருப்பதும், இரண்டிலும் ஒளிந்துகொள்ள ஒரு பொந்து இருப்பதும், நடுவே ஈரப் பாசி நிரப்பிய ஒரு டப்பா இருப்பதும் இதற்காகத்தான். எங்கும் ஒரே சீராக 30 டிகிரி இருக்கும் பெட்டி, அளவுமானியின்படி குறையில்லாதது, அறத்தின்படி குறையுள்ளது. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் முதுகெலும்புள்ள எந்த வளர்ப்பு விலங்குக்கும் ஏற்ற சூழலையும், தன் இயல்புப்படி நடந்துகொள்ள இடத்தையும் தருவது பொறுப்பாளரின் கடமை என்கிறது. ஏற்ற சூழல் என்ற சொல் பாம்பின் விஷயத்தில் நள்ளிரவு இரண்டு மணிக்கும் பொருந்தும் சொல்.

இந்தக் கடமை யாருக்குரியது என்பதில் மேலை மெய்யியல் இரண்டுபட்டு நிற்கிறது. விலங்குகளிடம் கொடுமை காட்டினால் மனித மனம் மரத்துப்போய் மனிதரிடமும் கொடுமை காட்டும், ஆகவே அது தவறு என்று 1797இல் எழுதினார் இம்மானுவேல் காண்ட். அவர் பார்வையில் அந்தக் கடமை விலங்கைப் பற்றியது, விலங்குக்கு உரியது அல்ல. 1789இல் ஜெரமி பெந்தாம் துன்புற முடியுமா என்பதொன்றே கேள்வி என்று நிறுத்தினார். பாம்புப் பெட்டி காண்டின் வாதத்துக்குக் கடினமான சோதனை. தெர்மோஸ்டாட்டின் வெப்பமுணரும் முனை கழன்றிருப்பதைக் கவனிக்காமல் தூங்கப்போனவர் கொடியவர் அல்லர். முனகல் எதுவும் கேட்காததால் அவர் மனம் மரத்துப்போகவும் இல்லை. காலையில் வழக்கம்போல மனிதரிடம் அன்பாகவே இருப்பார். ஆனாலும் இரவில் ஒரு தவறு நடந்திருக்கிறது. யாருக்கு? பாம்புக்கு. வேறு யாரையும் காட்ட முடியாது. அன்பே கடமையின் வேர் என்பாரும் இங்கே திகைக்க வேண்டும்; இந்த உறவில் அன்பு ஒரு பக்கம்தான், அதுவும் இருந்தால். நாயிடம் நாம் காட்டும் அக்கறையில் எவ்வளவு கடமை, எவ்வளவு கைம்மாறு என்று பிரித்தறிய முடியாது. பாம்பு அந்தக் கைம்மாற்றை முழுதாக நீக்கிவிட்டுக் கடமையை மட்டும் காட்டுகிறது.

இதற்கு வலுவான எதிர்வாதம் வேறிடத்திலிருந்து வருகிறது: சிறையை இதமாக்கிவிட்டு அதை அறம் என்பதா? எடுக்காமலே இருப்பதுதானே அறம்? இதை நான் மறுக்கவில்லை. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து எண்ணற்ற பந்து மலைப்பாம்புகள் வளர்ப்புச் சந்தைக்குப் போயிருக்கின்றன. பாங்காக்கிலிருந்து பைகளில் திணித்துக் கடத்திவரப்பட்டு, சென்னை விமான நிலையத்திலேயே பலமுறை பிடிபட்டிருக்கின்றன. அதே பெனினில், வீதா நகரில், மலைப்பாம்புகளுக்கு ஒரு கோயில் இருக்கிறது. அங்குள்ள பாம்புகள் வெளியே போய் யார் வீட்டிலாவது நுழைந்தால் மரியாதையோடு திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ஒரே மண்ணின் ஒரே உயிர், ஓரிடத்தில் தெய்வம், மற்றோரிடத்தில் சரக்கு. காட்டிலிருந்து பிடிப்பது தவறு என்பதே என் எண்ணமும். ஆனால் பெட்டியிலேயே முட்டை பொரிந்து வந்த பாம்பைக் கொண்டுபோய் லண்டன் பனியில் விடுவது விடுதலை அல்ல. ஃப்ளோரிடாவில் தப்பியும் விடப்பட்டும் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள பாலூட்டிகளை எப்படித் தின்று தீர்க்கின்றன என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. இரவின் வெதுவெதுப்பு அடைத்துவைத்ததை நியாயப்படுத்தவில்லை. வட்டி கட்டுவதால் கடன் வாங்கியது சரியென்று ஆகாது. ஆனால் கடன் வாங்கியது தவறு என்று உணர்ந்தவன் வட்டியை நிறுத்திவிடவும் முடியாது.

மனிதர் குளிரில் நடுங்கும் உலகில் பாம்புக்கு மின்சாரமா என்ற கேள்வியும் உண்டு. 2022இல் பிரிட்டனில் மின்கட்டணம் ஏறியபோது அது வெறும் தத்துவக் கேள்வியாக இருக்கவில்லை. இந்தக் கேள்வியின் வேதனை உண்மையானது. ஆனால் அது சரியாகச் சுட்டும் நேரம் பாம்பை வாங்குவதற்கு முந்தைய நேரம். உலகில் ஏழைகள் இருக்கிறார்கள் என்பதால் எனக்குக் கடன் கொடுத்தவருக்குத் தர வேண்டியது ரத்தாகிவிடாது. கடன் வாங்கும் முன் யோசிக்க அது ஒரு காரணம். பந்து மலைப்பாம்பு நல்ல பராமரிப்பில் முப்பது ஆண்டு வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில், அறுபது வயதைக் கடந்ததாகக் கணிக்கப்பட்ட ஒன்று 2020இல் முட்டையிட்டது. முப்பது ஆண்டு என்றால் ஏறக்குறைய பதினோராயிரம் இரவுகள். அத்தனை இரவும் எலிகளின் உயிரால் வளரும் உடம்பு அது. பெட்டி குளிர்ந்தால் விழுங்கிய எலி செரிக்காமல் வயிற்றில் அழுகும், பாம்பு அதைக் கக்கிவிடும். அந்த எலியின் சாவும் வீண்.

கைம்மாறு கருதாத ஒப்புரவுக்கு வள்ளுவர் மழையை உவமை காட்டினார். பாம்பு வளர்ப்பவர் தம்மை மழையாக எண்ணிக்கொள்ளத் தோன்றும். மழை யாரையும் அடைத்துவைத்துவிட்டுப் பெய்வதில்லை என்பதை அவர் மறக்கக் கூடாது. அவருக்கு இன்னும் பொருத்தமான ஒரு கதை பௌத்தத்தில் இருக்கிறது. ஞானம் பெற்ற புத்தர் மரத்தடியில் அமர்ந்திருக்கையில் பருவம் தப்பிய பெருமழை வருகிறது. முசலிந்தன் என்னும் நாக அரசன் தன் உடலால் அவரை ஏழு சுற்றுச் சுற்றி, தலைக்கு மேல் படம் விரித்து, குளிரும் காற்றும் தீண்டாமல் ஏழு நாள் காக்கிறான். கதையின் அழகு அதற்குப் பின்னால் இருக்கிறது. வானம் வெளுத்ததும் அவன் சுருளை அவிழ்த்துவிடுகிறான். காப்பதற்காகச் சுற்றியவன், காத்து முடிந்ததும் விலகினான்; அதனால் அவன் செயல் அருள். நாம் பாம்பைச் சுற்றிக் கட்டிய கண்ணாடிச் சுருளுக்கு அவிழும் நாள் இல்லை. அதனால்தான் நம்முடையது கடன். அதை ஒரேயடியாகத் தீர்க்க வழியில்லை. இரவுக்கு ஒரு தவணையாகக் கட்டலாம். நள்ளிரவில் ஏதோ ஒரு நேரம் பாம்பு சுருளைத் தளர்த்தி, சூடான முனையை விட்டு ஈரப் பாசியை நோக்கித் தானாக நகர்கிறது என்றால், அன்றைய தவணை சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருக்கிறது.